இரண்டு டிரம்களுக்கு நடுவே ஒரு விளக்கு

சித்திரை 1, செவ்வாய்

இன்று வருஷப் பிறப்பு. என் பெயர் வாலகுரு. இது நானே எழுதியது.

சித்திரை 2, புதன்

நேற்று எழுதியதைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

சித்திரை 4, வெள்ளி

முதியோர் வகுப்பில் மங்கையர்க்கரசி டீச்சர் தினமும் கொஞ்சம் எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன எழுதுவது என்று கேட்டேன். "பாத்தது, கேட்டது, சாப்பிட்டது, எதுவானாலும் எழுதுங்கய்யா" என்றார்.

பார்த்தது வெயில். கேட்டது காற்று. சாப்பிட்டது சொர்ணக்கிளி கடையில் இட்லி.

சித்திரை 6, ஞாயிறு

இன்று வகுப்பு இல்லை. அதனால் நிறைய எழுதலாம்.

நான் கீதாரி. ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராகத் திரிந்தவன். பள்ளிக்கூடத்து வாசலில் ஆடு மேய்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. முட்டி வலி வந்த பிறகு ஆடுகளை விற்றுவிட்டேன். இப்போது கள்ளிப்பொட்டலில் நட்டு வைத்திருக்கிற சோலார் தகடுகளுக்குக் காவல். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடுவது இந்தத் தகடுகளால்தான். தூசி துடைப்பேன், ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்வேன். பொழுது சாயும்போது தகடுகளை எண்ணுவேன். அவை எங்கேயும் போகாது என்று தெரியும். ஆனாலும் எண்ணாமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்குவதில்லை.

பொட்டலை ஒட்டிப் பழைய சத்துணவுக் கூடம் இருக்கிறது. அதில்தான் சாயங்காலம் எங்கள் வகுப்பு. கட்டடத்துக்குக் கரண்டு கிடையாது. டீச்சர் ஒரு சார்ஜ் விளக்கு கொண்டுவருவார். அது பாதி வகுப்பில் கண்ணை மூடிக்கொள்ளும். வகுப்பில் நான் ஒருவன்தான் ஆம்பளை. பாய் ஓரத்தில் உட்காருவேன். எனக்குப் பக்கத்தில் சொர்ணக்கிளி உட்காருவாள். புருஷன் போன பிறகு ஒற்றையாக இட்லிக் கடை நடத்துகிறவள். அவள் கடையைக் கட்டிவிட்டுத் தாமதமாக வருவதால் வேறு இடம் இருப்பதில்லை.

சொ ர் ண க் கி ளி. இந்தப் பெயரில் நல்ல நல்ல எழுத்துகள் இருக்கின்றன. பழகுவதற்கு ஏற்ற பெயர்.

சித்திரை 8, செவ்வாய்

மதுரையிலிருந்து ஒரு பெண் வேனில் வந்து இறங்கினார். பெயர் ஹில்டா. இன்ஜினியர். காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாராம். சிவப்பு டிரம் ஒன்று, நீல டிரம் ஒன்று, சுருள் சுருளாகக் குழாய்கள், ஒரு சின்னப் பெட்டி.

"ஐயா, வெயில் கூடுனா இந்தத் தகடு கரண்டும் கூடக் குடுக்கும்னுதானே நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. வேற எப்படி?"

"வெளிச்சம் கூடுனா கரண்டு கூடும். ஆனா சூடு கூடுனா குறையும். உச்சி வெயில்ல தகடு கொதிச்சுப்போய்ச் சோர்ந்துடும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சூடு பிடித்த ஆடு மேயாது. நிழலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். இத்தனை நாளாக உச்சி வேளையில் தொட்டிக்குத் தண்ணீர் மெதுவாக ஏறியது ஏன் என்றும் புரிந்தது.

தகடுகளின் முதுகில் குழாய் ஓட்டினார். குழாயில் தண்ணீர் ஓடி, தகட்டுச் சூட்டை வாங்கிக்கொண்டு சிவப்பு டிரம்முக்கு வரும். நீல டிரம்மில் போர்த் தண்ணீர் இருக்கும். இரண்டு டிரம்முக்கும் நடுவில் அந்தப் பெட்டி. உள்ளே பிஸ்கட் மாதிரி வெள்ளைச் சில்லுகளை அடுக்கியிருந்தார். வீணாகப் போகிற சூட்டிலிருந்து அந்தச் சில்லுகள் கரண்டு எடுக்குமாம். அதில் எங்கள் வகுப்புக்கு ஒரு விளக்கு எரியுமாம். சில்லு எப்படி வேலை செய்கிறது என்று நிறையச் சொன்னார். அந்த நேரம் பார்த்துச் சொர்ணக்கிளி எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள். பச்சைப் புடவை. அதனால் கடைசியில் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

சித்திரை 11, வெள்ளி

விளக்கு எரிந்தது!

பொழுது சாய்ந்ததும் ஹில்டாம்மா இரண்டு குழாய்த் திருகையும் திறந்துவிட்டார். வகுப்புக்குள் குண்டு பல்பு அளவில் ஒரு வெள்ளை விளக்கு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மெல்லக் கண் திறந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். டீச்சர்கூடப் போட்டார்.

வெயில் போன பிறகு வெயிலில் எரிகிற விளக்கு. பகல் முழுவதும் எங்கள் மண்டையைப் பிளந்த சூடு, டிரம்மில் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் எங்களுக்குப் புத்தகம் காட்டுகிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ன கீதாரியாரே, பல்லு அம்புட்டும் தெரியுது?" என்று கேட்டாள் சொர்ணக்கிளி.

"இருக்கதே கொஞ்சம்தான். தெரியட்டுமே" என்றேன்.

அந்த வெளிச்சத்தில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் சுழி நன்றாகத் தெரிந்தது. சொர்ணக்கிளியின் மூக்குத்தியும் தெரிந்தது. விளக்கின் தரத்தைக் குறிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

சித்திரை 13, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மகன் சேதுராசு போன் செய்தான். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பிள்ளை. அவன் அம்மா போனதிலிருந்து நான் ஒற்றையில் கிடக்கிறேன் என்று அவனுக்கு மனசு ஆறவில்லை.

"வைகாசில வரேம்பா. வந்து உங்களக் கூட்டிட்டு வந்துடறேன். இங்க மாடி வீடு. பேரப்பிள்ளைக இருக்கு. டிவி இருக்கு."

"வேலை இருக்கேப்பா."

"அந்தத் தகட்டுக்குத் தூசி தொடைக்கிற வேலையா?"

"இப்ப அது மட்டும் இல்ல. டிரம்மு வந்திருக்கு. குழாயத் தெறக்கணும், மூடணும். நான் இல்லாட்டி வகுப்புக்கு வெளக்கு எரியாது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி. அந்த டிரம்மு அங்க இருக்குற வரைக்கும் நீங்களும் இருங்க. அதத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா மறுபேச்சு பேசாம என்கூட வந்துடணும். பேச்சு மாறக் கூடாது" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் திருப்பூர் பிடிக்காது என்று இல்லை. வகுப்பு முடியாமல் எப்படிப் போவது? இன்னும் கூட்டெழுத்து வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சித்திரை 14, திங்கள்

ஹில்டாம்மா மதுரைக்குப் போய்விட்டார். வைகாசி 7-ஆம் தேதி காலேஜிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்களாம். அன்று வகுப்பு முடிகிற வரை விளக்கு எரிந்தால் டிரம்கள் இங்கேயே இருக்கும். எரியாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். "நீங்கதான் பத்திரமா பாத்துக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றினால் நான் திருப்பூர் போக வேண்டும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

உச்சி வேளையில் சிவப்பு டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். கை வெந்துவிட்டது. பாவம், அதற்கு வாய் இல்லை. இப்படிக் கொதித்தால் எத்தனை நாள் தாங்கும்? கிடையில் ஆட்டுக்குச் சூடு பிடித்தால் நனைத்த சாக்கை முதுகில் போட்டு நிழலில் நிறுத்துவேன். அதே மாதிரி இரண்டு சாக்கை நனைத்து டிரம்மின் மேல் போர்த்தினேன். ஆவி பறந்தது. நிம்மதியாக இருந்தது.

வகுப்புக்கு முன்னால் சாக்குகளை எடுத்து வேலியில் காயப் போட்டுவிட்டேன். பெண்பிள்ளைகள் வருகிற இடம், அழுக்குச் சாக்கு கிடந்தால் நன்றாக இருக்காது.

சித்திரை 15, செவ்வாய்

டிரம்மைக் கவனித்தேன். மூன்று சாக்கு.

சித்திரை 17, வியாழன்

விளக்கு சோர்வாக எரிகிறது. டீச்சர் எழுதியது பலகையில் எறும்பு ஊர்வது மாதிரி தெரிந்தது. பார்ப்பதற்காகச் சொர்ணக்கிளி என் பக்கம் சாய்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

சூடு இன்னும் தணியவில்லை போல. நாளையிலிருந்து சாக்கை அடிக்கடி நனைக்க வேண்டும்.

சித்திரை 19, சனி

விளக்கு அரை வகுப்பில் போய்விட்டது. போனில் சொன்னேன். ஹில்டாம்மா, "டிரம் நல்லா இருக்கா ஐயா?" என்று கேட்டார். "நல்லா வச்சிருக்கேம்மா, பிள்ளை மாதிரி" என்றேன்.

சித்திரை 21, திங்கள்

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. சாயங்கால பஸ்ஸில் ஹில்டாம்மா வந்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்தார். வயரை மாற்றினார். குழாயைத் தட்டினார். மோட்டாருக்குப் போகிற கரண்டு நன்றாகக் கூடியிருக்கிறது. தகடுகள் குளுகுளு என்று இருக்கின்றன. பெட்டியில் மட்டும் உயிர் இல்லை.

கடைசியில் படியில் உட்கார்ந்துவிட்டார். "சில்லு மட்டமான சில்லு போல. நான்தான் ஏமாந்துட்டேன். அவங்க வர்றதுக்கு முன்னாடி நானே கழட்டிடறது மரியாதை" என்றார். 

சொர்ணக்கிளி அவர் தலையைத் தடவி, "ஏத்தா, மொதல்ல சாப்புடு. வெறும் வயித்துல எடுக்குற முடிவு வெளங்காது. ராத்திரிக்கு எங்க வீட்டுல படு. காலையில பாத்துக்குவோம்" என்று கூட்டிப் போனாள்.

நான் தகடுகளை எண்ணினேன். நடுவில் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். மங்கலான விளக்கில் இதை எழுதுகிறேன். திருப்பூரில் மாடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று சேதுராசு சொல்லவில்லை.

சித்திரை 22, செவ்வாய்

இன்று நடந்ததைக் கை வலித்தாலும் எழுதியே தீர வேண்டும்.

உச்சி வேளை. ஹில்டாம்மா நிழலில் உட்கார்ந்து ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். சொர்ணக்கிளி அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். கழற்றுகிற கடைசி நாளிலும் என் கடமையை நான் விடக் கூடாது என்று, வழக்கம்போலச் சாக்குகளைத் தொட்டியில் முக்கி, சிவப்பு டிரம்முக்குப் போர்த்தி, ஒரு வாளித் தண்ணீரையும் மேலே ஊற்றினேன்.

ஹில்டாம்மா எழுந்து நின்றார். "ஐயா! என்ன பண்றீங்க?"

"சூடு தணிக்கிறேம்மா. தெனமும் செய்யிறதுதான். மூணு சாக்கு போட்டேன், இப்ப அஞ்சு."

"தெனமுமா?"

"ஒரு நாள் தவறல."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். தோள் குலுங்கியது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, தகட்டுக்குத்தான் சூடு ஆகாது. டிரம்முக்குச் சூடு வேணும். அதான் நம்ம சொத்தே. இந்தப் பக்கம் சுடுதண்ணி, அந்தப் பக்கம் பச்சைத்தண்ணி, நடுவுல சில்லு. ரெண்டு தண்ணிக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கோ அவ்வளவு கரண்டு. ரெண்டும் ஒண்ணு போல ஆயிட்டா ஒண்ணுமே வராது. அன்னைக்கே சொன்னேனே!"

"அப்ப மோர் வந்துச்சும்மா" என்றேன்.

சொர்ணக்கிளி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "ஆட்டுக்குச் சூடு பிடிச்சா சாக்குப் போடுவீக, சரி. சுடுதண்ணிக்குச் சூடு பிடிச்சுதுன்னு சாக்குப் போட்ட ஆளு இந்தச் சீமையிலேயே நீகதான்! அந்தப் புள்ள நேத்திலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. மொதல்ல அந்தச் சாக்க எடுங்க!"

எடுத்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. சில்லு நல்ல சில்லு. டிரம் நல்ல டிரம். கெட்டுப் போனது எதுவும் இல்லை. நான் மட்டும்தான் கொஞ்சம் அதிகமாகப் பாசம் வைத்துவிட்டேன்.

ஹில்டாம்மா ஸ்பேனர்களை மறுபடி வெளியே எடுத்தார்.

சித்திரை 23, புதன்

ஊருக்கே தெரிந்துவிட்டது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள், "கீதாரியாரே, எங்க வீட்டு உலை கொதிக்குது, கொஞ்சம் சாக்குக் கொண்டாங்க" என்கிறார்கள். டீச்சர் பலகையில் ‘சாக்கு’ என்று எழுதி எல்லோரையும் வாசிக்கச் சொன்னார். வகுப்பே என்னைப் பார்த்து வாசித்தது. நானும் வாசித்தேன். சத்தமாக.

டிரம்மின் சூடு சாயங்காலம் வரை ஆறாமல் இருக்க, காய்ந்த போர்வை சுற்ற வேண்டும் என்றார் ஹில்டாம்மா.

"எங்க வீட்ல ஒரு கம்பளி கெடக்கு" என்றாள் சொர்ணக்கிளி. "எம்மவன் பட்டாளத்துலேருந்து கொண்டாந்தது. பனி பெய்யிற ஊருல போத்துறதாம். இந்த வெயில்ல அத யாரு போத்துறது? எலிகூட அதுக்குள்ள போக மாட்டேங்குது."

மத்தியானம் அதைத் தலையில் சுமந்து வந்தாள். சுற்றினோம். ஒரு சுற்றுதான் வந்தது. ஹில்டாம்மா யோசித்தார். நான் வீட்டுக்குப் போய் என் கீதாரிக் கம்பளியை எடுத்துவந்தேன். எத்தனையோ மழையையும் பனியையும் பார்த்த கம்பளி. என் வீட்டுக்காரியும் நானும் கிடையில் ஒன்றாகப் போர்த்தியது. ஆடு விற்ற பிறகு பரண்மேல் சும்மா கிடந்தது.

உள்ளே அவள் கம்பளி. அதன்மேல் என் கம்பளி. கிடைக்கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். பொருத்தமாக இருந்தது. டிரம்மைச் சொல்கிறேன்.

"அப்ப என் சாக்கு?" என்று கேட்டேன்.

ஹில்டாம்மா நீல டிரம்மைக் காட்டினார். "அது எவ்வளவு குளிருதோ அவ்வளவு நல்லது. அங்க போடுங்க. எவ்வளவு வேணா பாசம் காட்டுங்க."

என் வேலை போகவில்லை. டிரம்தான் மாறியது.

சித்திரை 24, வியாழன்

விளக்கு பளிச்சென்று எரிந்தது. வகுப்பு முடிந்து, பாயைச் சுருட்டி, எல்லோரும் கிளம்பும் வரை எரிந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் சொர்ணக்கிளி பலகை பார்க்க என் பக்கம் சாய வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் பழக்கத்தில் சாய்ந்துதான் உட்கார்ந்தாள்.

சித்திரை 27, ஞாயிறு

வேலையைப் பிரித்துக்கொண்டோம். காலையில் கடைக்குப் போகும் வழியில் சொர்ணக்கிளி கம்பளிக் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று சிவப்பு டிரம்மைப் பார்ப்பாள். நீல டிரம்மின் சாக்கு என் பொறுப்பு. அவள் டிரம்மின் சூடு எப்படி என்று நான் சொல்லுவேன். என் டிரம்மின் குளிர்ச்சியை அவள் தொட்டுப் பார்த்துச் சொல்லுவாள்.

"இன்னும் குளிரணும்" என்பாள்.

"இதுக்கு மேல குளிரணும்னா நான் இமயமலைக்குத்தான் போகணும்."

"போங்க. கம்பளிய மட்டும் வச்சுட்டுப் போங்க."

சித்திரை 31, வியாழன்

‘க்ஷ’ எழுதக் கற்றுக்கொண்டேன். எங்கே பயன்படுத்துவது என்று தெரியவில்லை. வைத்திருப்போம்.

வைகாசி 3, ஞாயிறு

சேதுராசு போன் செய்தான். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தவன், பரீட்சை மாதிரி ஏதோ நடக்கிறது என்று கேள்விப்பட்டு, வியாழக்கிழமையே வருகிறானாம். "எரியுதா இல்லையான்னு நானே பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றான். பெட்டி கட்ட ஒரு பை கொண்டுவருவானாம். என்னிடம் பை இருக்கிறது என்று சொல்லவில்லை.

இதைச் சொர்ணக்கிளியிடம் சொன்னேன். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குழியில் ஊற்றியதிலேயே மறுபடி ஊற்றினாள். வழிந்தது.

"திருப்பூர்ல நல்ல இட்லி கெடைக்குமா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"கெடைக்காது" என்றாள்.

வைகாசி 6, புதன்

நல்ல வெயில். சிவப்பு டிரம் கொதிக்கிறது. ஹில்டாம்மா வந்துவிட்டார். நாளைக்கு ஒரு குறையும் வராது.

வைகாசி 7, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் வானம் முழுவதும் மேகம். அக்கினி நட்சத்திரத்தின் நடுவில், எங்கள் ஊரில், மேகம்! மழைக்கு ஏங்கி வானத்தைப் பார்த்த நாட்கள் எத்தனை! இன்றைக்குத்தானா வர வேண்டும்? ஊரே வாசலில் நின்று சந்தோஷப்பட்டது. நான் மட்டும் மேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். பிறகு அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வெயில் இல்லை என்றால் தகடு சூடாகாது. சிவப்பு டிரம்முக்குப் புதுச் சூடு வராது. நேற்றைய சூடு மட்டும்தான். ஹில்டாம்மா கம்பளிக்குள் கையை நுழைத்துப் பார்த்தார். "இன்னும் இருக்கு. நேத்து வச்சது அப்படியே உள்ள இருக்கு. இன்னைக்குத் தகட்டுலேருந்து வர்ற குழாயத் தெறக்காதீங்க. வர்ற தண்ணி இத ஆத்திடும்" என்றார். "இனிமே நாம செய்யக்கூடியது ஒண்ணுதான் ஐயா. நீல டிரம்."

அதற்கு நான் இருக்கிறேன்.

காற்று நன்றாக வீசியது. ஈரச் சாக்குக்குக் காற்றுதான் உயிர். காய விடாமல் நனைத்துக்கொண்டே இருந்தேன். முட்டி வலித்தது. சொர்ணக்கிளி கடையைப் பாதியில் கட்டிவிட்டு வந்து வாளி எடுத்துக் கொடுத்தாள். பேசவில்லை. அவள் பேசாமல் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் சேதுராசு வந்தான். கையில் பெரிய பை. "என்னப்பா, டிரம்மக் குளிப்பாட்டிட்டு இருக்கீங்க?" என்றான்.

"சரியான டிரம்மத்தான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

"வாங்க தம்பி. சாப்டீகளா?" என்றாள் சொர்ணக்கிளி.

"ஆச்சு அத்தை."

சாயங்காலம் மூன்று பெரியவர்கள் காரில் வந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட அம்மாதான் தலைமை. வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாம்னா இன்னொரு நாள் வரோம் ஹில்டா" என்றார். ஹில்டாம்மா என்னைப் பார்த்தார். நான் நீல டிரம்மைப் பார்த்தேன். அதன் மேல் கை வைத்தால் விரல் சில்லிட்டது.

"எரியும்" என்றேன். கேட்காத இடத்தில் வாய் திறந்துவிட்டேன்.

வகுப்பு தொடங்கியது. மேகத்தால் சீக்கிரமே இருட்டிவிட்டது. பெட்டிக்குப் போகிற திருகுகளைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. பாயில் இருந்த அத்தனை பேரும் மேலேயே பார்த்தோம். சேதுராசு வாசலில் பையோடு நின்றான். பக்கத்தில் சொர்ணக்கிளியின் வளையல் சத்தம் நின்றுபோனது.

பிறகு அது மெல்லக் கண் திறந்தது.

வெயில் நாள் மாதிரி பளிச்சென்று இல்லை. ஆனால் எழுத்து தெரிந்தது. டீச்சர் பாடத்தை ஆரம்பித்தார். நான் பாதிக் காதில் கேட்டேன். மீதிக் கவனம் முழுவதும் விளக்கில். ஒரு முறை துடித்தது. சொர்ணக்கிளி என் கையை இறுக்கிப் பிடித்தாள். துடிப்பு நின்ற பிறகும் விடவில்லை. மறந்துவிட்டாள் போல. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தலைமை அம்மா யாரையாவது வாசிக்கச் சொன்னார். டீச்சர் சொர்ணக்கிளியைக் கைகாட்டினார். அவள் எழுந்து, ஒவ்வொரு எழுத்தாக, தடுக்காமல் வாசித்தாள். மழை நீரைச் சேமிப்பது பற்றிய பாடம். கடைசி வரியை அவள் வாசிக்கும்போது வெளியே உண்மையாகவே மழை தட்டியது. தகரக் கூரையில் படபடவென்று. விளக்கு அசையவில்லை.

வகுப்பு முடிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வெயில் இல்லாத நாள்ல, நேத்தைய சூட்டுல, இவ்வளவு நேரமா?" என்றார் தலைமை அம்மா. "ஹில்டா, இத எடுக்கக் கூடாது. மழைக்காலம், பனிக்காலம் எல்லாம் பாக்கணும். அடுத்த கோடை வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

ஹில்டாம்மா எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் முழுக்க நனைந்திருந்தேன். அவருக்கும் சட்டை நனைந்துவிட்டது.

வைகாசி 8, வெள்ளி

மழை நின்று வெயில் வந்துவிட்டது. சேதுராசு காலையிலேயே பொட்டலுக்கு வந்தான். டிரம்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சிவப்பு டிரம் பக்கத்தில் நின்றான்.

"இது நம்ம கம்பளில்ல?"

"ஆமாப்பா."

"அம்மா இருக்கும்போது கிடையில போத்துனது."

"ஆமா."

"யாருக்கும் தொடக்கூடக் குடுக்க மாட்டீங்களே." முனையைத் தூக்கிப் பார்த்தான். "உள்ள இன்னொண்ணு இருக்கே. பட்டாளத்துக் கம்பளி மாதிரி."

"அது சொர்ணக்கிளியோடது."

அவன் கம்பளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எதிரே கடை வாசலில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சொர்ணக்கிளியைப் பார்த்தான். அவளும் அந்த நேரம் பார்த்து, "கீதாரியாரே, சாக்கு காயுது!" என்று கத்தினாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவன் அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். பை பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

"பேச்சு மாறலப்பா" என்றான். "டிரம்மு இருக்குற வரைக்கும் இருங்க. டிரம்மு போனாலும் இருங்க."

 இட்லியைச் சாப்பிட்டேன். அவனும் சாப்பிட்டான். தட்டைக் காலி செய்துவிட்டு நீட்டினான்.

"இன்னும் ரெண்டு வைங்க, சித்தி."

நேற்று வரை அத்தை என்றுதான் கூப்பிட்டான்.

சொர்ணக்கிளி இட்லியைத் தட்டில் வைத்தாள். கரண்டி கையிலேயே நின்றது. பிறகு, "சட்னி எடுத்தாரேன்" என்று உள்ளே போனாள். சட்னிப் பாத்திரம் எங்கள் முன்னாலேயே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கையில் சட்னி இல்லை.

"என்ன சித்தி, சட்னி எங்க?" என்றான் அந்தப் பயல்.

"ம்? இந்தா, இங்கதான இருக்கு! கண்ணு தெரியலயா ஒங்களுக்கு?" என்று எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகத் திட்டினாள்.

அப்படி ஒரு திட்டு வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று!

வைகாசி 9, சனி

சேதுராசு ஊருக்குப் போய்விட்டான். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கிறானாம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சொர்ணக்கிளியும் கேட்கவில்லை.

நல்ல வெயில். கம்பளிக் கட்டை இருவருமாக அவிழ்த்து உதறி மறுபடி கட்டினோம். நீல டிரம்முக்குச் சாக்கு நனைத்தேன். தகடுகளை எண்ணினேன். சரியாக இருந்தது.

விளக்கு எரிகிறது. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் இன்றைக்கு இவ்வளவு போதும்.